தாலி இல்லாவிட்டாலும் தகப்பன் தகப்பன்தான்

மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பிரியும்போது பிள்ளையின் செலவு யார் பொறுப்பு? சட்டம் கடைசியில் கேட்கும் கேள்வியை முதலில் கேட்டாக வேண்டும்.

மணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்த இருவர் பிரிகிறார்கள். நடுவில் ஒரு பிள்ளை இருக்கிறது. பிரிந்த மறுநாளும் அந்தப் பிள்ளைக்குப் பால் வாங்க வேண்டும், பள்ளிக்குப் பணம் கட்ட வேண்டும், காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். பெற்றோருக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று விசாரித்துவிட்டு எந்தச் செலவும் வருவதில்லை. ஆனால் செலவில் பங்கு கேட்டு நீதிமன்றப் படியேறும் தாய் முதலில் எதிர்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். நீங்கள் இருவரும் கணவன் மனைவியா? இல்லையென்றால் கணவன் மனைவி மாதிரியா? எத்தனை வருடம்? அக்கம்பக்கத்தார் உங்களை அப்படித்தான் நினைத்தார்களா? ஒரே வீட்டு முகவரியில் இருவர் பெயரும் இருக்கிறதா? பெரியவர்களின் உறவுக்கு என்ன பெயர் வைப்பது என்ற வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக நீள்வதற்குள் பிள்ளை இரண்டு வகுப்பு ஏறிவிடுகிறது.

பிள்ளை பெற்ற இருவருக்குள் பணக் கடமை எங்கிருந்து பிறக்கிறது? நம் சட்டத்தின் கண் இன்னும் கல்யாணத்தின் மேலேயே இருக்கிறது. அந்தக் கடமை பிள்ளையிலிருந்து பிறக்கிறது என்று சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பிள்ளையின் சோற்றுக்கும் துணிக்கும் படிப்புக்கும் இது பொருந்தும். அதே அளவு, பிள்ளையை வளர்ப்பதற்காக வேலையை விட்டவருக்கும் வருமானத்தைக் குறைத்துக்கொண்டவருக்கும் ஏற்பட்ட இழப்புக்கும் பொருந்தும். இதில் முதல் பாதி சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கைக்கு வந்து சேர்வதில்தான் தடை. இரண்டாவது பாதிக்குப் புத்தகத்திலேயே இடமில்லை.

1898-லேயே எழுதிய உரிமை

மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையையும் பெற்றவன் காப்பாற்ற வேண்டும் என்பது புதிய காலத்தின் புதிய சலுகை என்று பலர் எண்ணுகிறார்கள். 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவிலேயே அது இருந்தது. 1973-இல் எழுதிய சட்டத்தில் அது 125-ஆம் பிரிவானது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாக நிற்கிறது. மணத்தில் பிறந்த பிள்ளை, மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை இருவரையும் மூன்று சட்டங்களும் ஒரே மூச்சில் சொல்கின்றன. வசதி இருந்தும் காப்பாற்ற மறுப்பவர் மாதந்தோறும் பணம் தர வேண்டும் என்கின்றன. இந்தப் பிரிவு மதம் பார்ப்பதில்லை, சாதி பார்ப்பதில்லை. இந்துக்களுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, மணத்தில் பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் பிள்ளையைக் காப்பாற்றும் கடமையைத் தாய், தகப்பன் இருவர் மீதும் சுமத்துகிறது. மத்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மாதம் 500 ரூபாய் என்று இருந்த உச்சவரம்பு 2001-இல்தான் நீங்கியது. வழக்கு முடியும்வரை இடைக்காலத் தொகை தரலாம், அந்த மனுவை அறிவிப்பு சேர்ந்த 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்ற விதிகளும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தன.

உரிமை இவ்வளவு தெளிவாக இருந்தும் அதை அடையும் வழியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. மணமான பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளைக்குக் கணவனே தகப்பன் என்று சாட்சியச் சட்டம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. பழைய சட்டத்தின் 112-ஆம் பிரிவும் இன்றைய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 116-ஆம் பிரிவும் சொல்வது அதைத்தான். மணமாகாத தாய்க்கு அந்த அனுமானம் கிடையாது. இவர்தான் தகப்பன் என்று அவர் நிரூபித்தாக வேண்டும். பிறப்புச் சான்றிதழ், மருத்துவமனையில் கையெழுத்திட்ட படிவம், பள்ளி விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கில் மாதாமாதம் வந்த பணம் என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும். டிஎன்ஏ பரிசோதனையை எடுத்த எடுப்பில் உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இலேயே எல்லை வகுத்திருக்கிறது. ஒருவரின் அந்தரங்கத்தைக் காக்க அந்த எல்லை தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் பரிசோதனைக்கு உத்தரவிட்ட பிறகும் ஒருவர் மறுத்தால், அந்த மறுப்பை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு இடமுண்டு. இந்த வழியைக் கீழமை நீதிமன்றங்கள் தயங்காமல் பயன்படுத்தினால் பாதி வழக்குகளில் இழுத்தடிப்புக்கே வேலை இருக்காது.

தாய்க்கு மட்டும் ஒரு தேர்வு

பிள்ளையின் நிலை இது. தாயின் நிலையோ வேறு. நடிகை குஷ்பு மீது தொடுத்த வழக்குகளை 2010 ஏப்ரலில் ரத்துசெய்தபோது, வயதுவந்த இருவர் மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குற்றமில்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு. பராமரிப்புப் பிரிவில் உள்ள ‘மனைவி’ என்ற சொல் சட்டப்படி மணந்தவரையே குறிக்கும் என்று நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடப்புக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம்தான் முதன்முதலில் ‘திருமணம் போன்ற உறவு’ என்ற கதவைத் திறந்தது. குடியிருக்கும் வீட்டில் தங்கும் உரிமை, பராமரிப்புத் தொகை, இழப்பீடு ஆகியவற்றை அந்த உறவில் வாழ்ந்த பெண்ணும் கேட்கலாம். 2018-இல் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு வழக்கில், மனைவி என்று நிரூபிக்க முடியாத பெண்ணுக்கும் இந்தச் சட்டத்தின் கீழ் நிவாரணம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

அந்தக் கதவுக்குள் யார் நுழையலாம் என்பதை முடிவு செய்தது நம் கோவை குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கு. 2010 அக்டோபரில் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு தலைமையிலான அமர்வு சில நிபந்தனைகளை வகுத்தது. இருவரும் தங்களைத் தம்பதிபோல ஊருக்குக் காட்டியிருக்க வேண்டும். மண வயது ஆகியிருக்க வேண்டும். இருவருக்கும் வேறு கல்யாணம் இருக்கக் கூடாது. கணிசமான காலம் விருப்பத்தோடு ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். 2013 நவம்பரில் கர்நாடகத்திலிருந்து வந்த வழக்கில் இந்த அளவுகோல் எவ்வளவு கடுமையானது என்பது தெரிந்தது. மணமான ஒருவரோடு, அது தெரிந்தே, 18 ஆண்டுகள் வாழ்ந்த பெண்ணுக்கு மாதம் 18,000 ரூபாய் தரச் சொன்னது மாஜிஸ்திரேட் நீதிமன்றம். உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது, உச்ச நீதிமன்றமும் அந்த ரத்தை ஏற்றது. அதே தீர்ப்பில், இப்படிப்பட்ட பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் கைவிடப்படுவதைத் தடுக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியும் நாடாளுமன்றம் அந்த வேண்டுகோளுக்கு விடை சொல்லவில்லை.

அந்தத் தீர்ப்பில் உள்ள பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். உறவு திருமணம் போன்றதா என்று கண்டுபிடிக்க எட்டு அடையாளங்களை அது சொல்கிறது. காலம், வீடு, பணப் புழக்கம், வீட்டு வேலைப் பங்கீடு என்று போகும் அந்த வரிசையில் பிள்ளையும் ஓர் அடையாளம். பெற்றோரின் உறவை நிரூபிக்கும் சாட்சியாகப் பிள்ளை அங்கே வந்து நிற்கிறது. இருவருக்கும் பொதுவாக ஒரு பிள்ளை இருப்பதே தனியாக ஒரு கடமையை உண்டாக்கிவிட்டது என்று அது சொல்வதில்லை. நம் சட்டச் சிந்தனையின் தலைகீழ் வைப்பு இங்கேதான் இருக்கிறது. உறவு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளப் பிள்ளையைப் பார்க்கிறோம். பிள்ளைக்கு என்ன தேவை என்று தெரிந்துகொள்ள உறவை ஒதுக்கிவைத்துப் பார்க்கத் தயங்குகிறோம்.

ஒரு மாலை மாற்றிக்கொண்டிருந்தால்

இந்த வைப்பு எவ்வளவு தற்செயலான முடிவுகளைத் தரும் என்பதற்குத் தமிழ்நாட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. சி.என். அண்ணாதுரை ஆட்சியில் 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தம் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட உறுதி கொடுத்தது. அதன்படி புரோகிதர் வேண்டாம், அக்கினி வேண்டாம், தாலியும் கட்டாயமில்லை. நண்பர்கள் அல்லது உறவினர்கள் முன்னால் ‘இவரை ஏற்கிறேன்’ என்று இருவரும் சொன்னாலும், மாலை மாற்றிக்கொண்டாலும், மோதிரம் அணிவித்தாலும் அது முழுத் திருமணம். இதற்கு ஊரறிய அறிவிப்பு தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சாதியின் கொடுங்கையிலிருந்து காதலர்களைக் காப்பாற்றிய அரிய சட்டம் அது. அதன் பெருமையில் ஒரு துளியும் குறைவில்லை.

ஆனால் நம் கேள்விக்கு அது என்ன சொல்கிறது? ஒரே தெருவில் இரண்டு வீடுகள். இரண்டிலும் பத்து வருட வாழ்க்கை, இரண்டிலும் ஆறு வயதில் ஒரு பிள்ளை, இரண்டிலும் பிள்ளைக்காக வேலையை விட்ட ஒரு தாய். ஒரு வீட்டில் இருவரும் என்றோ ஒருநாள் நண்பர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டார்கள், இன்னொரு வீட்டில் அது நடக்கவில்லை. இந்த ஒற்றை வேறுபாட்டால் முதல் வீட்டுத் தாய்க்கு மனைவியின் எல்லா உரிமையும் வந்துவிடுகிறது. இரண்டாம் வீட்டுத் தாய் உறவின் தன்மையை நிரூபிக்கும் தேர்வில் வெல்ல வேண்டும். இருவர் தோளிலும் இருந்த பாரம் ஒன்றுதான், இருவரும் இழந்த சம்பளமும் ஒன்றுதான். பிள்ளை வளர்ப்பின் செலவை ஒரு மாலையை வைத்து அளப்பதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

வீடு யார் பெயரில், கடன் யார் தலையில்

பராமரிப்புத் தொகை ஒரு பகுதிதான். பிரிவு வரும்போது வீடும் கடனும் பெரிய சிக்கலாகின்றன. கோவா நீங்கலாக, மணவாழ்வில் சேர்த்த சொத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் சட்டம் இந்தியாவில் மணமானவர்களுக்கே இல்லை. அவர்களுக்காவது நிரந்தர ஜீவனாம்சமும் வாரிசுரிமையும் இருக்கின்றன. மணமாகாதவர்களுக்குப் பத்திரத்தில் உள்ள பெயரே முடிவான சொல். ஒருவர் இஎம்ஐ கட்டினார், இன்னொருவர் மளிகைக்கும் பள்ளிக்கும் மருந்துக்கும் கொடுத்தார் என்றால், பிரியும்போது இஎம்ஐ கட்டியவர் கையில் வீடு இருக்கும், மற்றவர் கையில் செலவழித்த ரசீதுகூட இருக்காது. துணையின் பெயரில் வீடு வாங்கிக் கொடுத்தால் அதிலும் ஆபத்து உண்டு. மனைவி பெயரிலும் பிள்ளை பெயரிலும் முறையான வருமானத்தில் வாங்குவதற்கு பினாமி தடைச் சட்டம் வெளிப்படையாக விலக்கு தருகிறது. சேர்ந்து வாழும் துணையை அந்த விலக்கு சொல்லவில்லை. கடனிலோ நிலைமை நேர்மாறு. இருவரும் கையெழுத்திட்ட கடனை யாரிடமிருந்து வேண்டுமானாலும் முழுதாக வசூலிக்க வங்கிக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு உரிமை தருகிறது. பிரிந்துவிட்டோம் என்ற பதில் வங்கியிடம் செல்லாது. சேர்ந்து வாழ்ந்த இருவரைச் சொத்தில் அந்நியராகப் பார்க்கும் சட்டம், கடனில் மட்டும் அவர்களை ஒன்றாகக் கட்டிப்போடுகிறது.

வாரிசுரிமையில் பிள்ளையே நேரடியாக அடிபடுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் ‘உறவு’ என்பதை மணத்தின் வழி வந்த உறவாக வரையறுத்துவிட்டு, மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை தாய்க்கு உறவு என்று மட்டும் ஏற்கிறது. செல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்துத் திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு விழும் பங்கிலும் அவர்களுக்கு இடமுண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஆனால் அந்தப் பிரிவைப் பயன்படுத்த ஏதோ ஒரு கல்யாணமாவது நடந்திருக்க வேண்டும். சடங்கே நடக்காத உறவில் பிறந்த பிள்ளைக்கு எஞ்சியிருப்பது ஓர் அனுமானம்தான். நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் மணம் நடந்ததாகக் கொள்ளலாம் என்பது அது. 2022 ஜூனில் கேரள வழக்கு ஒன்றில் மகனுக்குப் பங்கு கிடைத்தது அந்த வழியில்தான். பெற்றோர் எத்தனை ஆண்டு சேர்ந்திருந்தார்கள் என்பதைப் பொறுத்து, பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் சொத்தில் பங்கு வருவதும் வராததும் தீர்மானமாகிறது. தகப்பன் யார் என்று நிரூபணமான பிறகும் இந்தக் கேள்வி எதற்கு?

வளர்ப்பவரின் இழப்பு

கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் பாலும் மருந்தும் மட்டும் செலவழிப்பதில்லை. தன் உழைப்புக் காலத்தையும் சேர்த்துச் செலவழிக்கிறார். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஆண்களுக்கு அது 97 நிமிடம். இந்த உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்பதை நம் நீதிமன்றங்கள் மெல்ல மெல்ல ஏற்றுவருகின்றன. வீட்டைக் கவனித்த மனைவியின் உழைப்பால்தான் கணவன் சம்பாதிக்க முடிந்தது, எனவே அந்தச் சொத்தில் அவருக்கும் உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூனில் எழுதினார். அந்தத் தீர்ப்பு மணமான தம்பதியைப் பற்றியது. ஆனால் அதன் தர்க்கம் மணத்தோடு நிற்பதில்லை. ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதால் மற்றவர் கவலையில்லாமல் வேலைக்குப் போனார் என்றால், அந்த உண்மை தாலியால் கூடுவதுமில்லை, தாலி இல்லாததால் குறைவதுமில்லை.

இந்தத் தர்க்கத்தைச் சட்டமாக்கிய நாடு ஜெர்மனி. அங்கே குடிமைச் சட்டத்தின் 1615-எல் பிரிவு, மணம் செய்யாத பெற்றோரில் பிள்ளையை வளர்ப்பவருக்கு மற்றவர் பராமரிப்புத் தொகை தர வேண்டும் என்கிறது. குறைந்தது பிள்ளைக்கு மூன்று வயது ஆகும்வரை இது தொடரும், பிள்ளையின் நலன் கருதி நீளவும் செய்யும். இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்களா என்றுகூட அது கேட்பதில்லை. முன்பு மணமுறிவு பெற்ற தாய்மாருக்கு நீண்ட காலமும், மணமாகாத தாய்மாருக்குக் குறுகிய காலமும் இந்த ஆதரவு கிடைத்தது. மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்குச் சம வாய்ப்பு என்ற அரசியலமைப்பு உறுதிக்கு இது முரண் என்று 2007 பிப்ரவரியில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008 ஜனவரி முதல் இரண்டும் ஒரே அளவுக்கு வந்தன. நீதிபதிகளின் காரணம் எளிமையானது. இந்தப் பணம் தாயின் கைக்குப் போனாலும், தாயின் அருகாமையாகப் பிள்ளையிடமே சேர்கிறது. பெற்றோர் மணம் செய்யவில்லை என்பதற்காக ஒரு பிள்ளைக்கு அந்த அருகாமையைக் குறைத்துக் கொடுக்க முடியாது.

எழும் மறுப்புகள்

இப்படியே போனால் திருமணத்துக்கு என்ன மதிப்பு என்பது முதல் மறுப்பு. உண்மையில் இன்றைய நிலைதான் திருமணத்தை மலிவாக்குகிறது. மணந்தால் கடமை, மணக்காமல் பிள்ளை பெற்றால் நழுவல் என்று சட்டம் வைத்திருக்கும்வரை, பொறுப்பைத் தட்டிக்கழிக்க நினைப்பவருக்கு மணக்காமல் இருப்பதே லாபம். இரு வழியிலும் பிள்ளைக்கான கடமை ஒன்றே என்றால் அந்த லாபம் மறைந்துவிடும். திருமணத்துக்கே உரிய மற்ற உரிமைகள், இருவருக்குள் வாரிசுரிமையும் சமூக அங்கீகாரமும், அதனிடமே இருக்கும். ஜெர்மனியின் சட்டம் மணமாகாத பெற்றோரை ஒருவருக்கொருவர் கணவன் மனைவி ஆக்கிவிடவில்லை. பெற்றோர் என்ற அளவில் மட்டும் அவர்களைப் பிணைத்தது.

இரண்டாவது மறுப்பு சுதந்திரத்தின் பெயரால் வருகிறது. கடமை வேண்டாம் என்றுதானே இருவரும் மணம் செய்யாமல் இருந்தார்கள், சட்டம் ஏன் நுழைய வேண்டும்? இதில் பாதி உண்மை இருக்கிறது. பிள்ளை இல்லாத இருவர் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் சட்டம் பெரிதாகத் தலையிட வேண்டியதில்லை, இந்த வாதமும் அதைக் கேட்கவில்லை. ஆனால் பிள்ளை அந்த ஏற்பாட்டில் கையெழுத்திடவில்லை. பெற்றோர் இருவரும் ஒப்புக்கொண்டாலும் பிள்ளையின் பராமரிப்பை எழுதிக்கொடுத்து விட்டுவிட முடியாது என்பதே நம் நீதிமன்றங்களின் நிலை. அதே காரணத்தால், பிள்ளையை வளர்ப்பதால் வந்த இழப்பையும் ஒருவர் தலையில் மட்டும் விட்டுவிட முடியாது.

மூன்றாவது மறுப்பு கனமானது. அந்த ஆணுக்கு ஏற்கெனவே மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், இந்தப் பணம் அவர்கள் தட்டிலிருந்துதானே போகும்? போகத்தான் செய்யும். ஒரு வருமானத்தை இரண்டு வீடுகளுக்குப் பிரித்தால் இரண்டிலும் குறையும், அதை மறைத்துப் பேசக் கூடாது. 2010, 2013 தீர்ப்புகள் இந்தக் கவலையை மனதில் வைத்தே கறாராக எழுதப்பட்டன. ஆனால் இரண்டாம் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்பது விடையாகாது, ஏனென்றால் அந்தப் பிள்ளையின் உரிமை 1898 முதல் சட்டத்தில் இருக்கிறது. நீதிமன்றம் செய்ய வேண்டியது எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கிட்டு, அதன் பிறகு வளர்ப்பவர்களின் இழப்பைக் கணக்கிடுவது. முன்பே கல்யாணமானதை மறைத்து ஏமாற்றியவர், அந்தப் பொய்யைக் காட்டியே தப்ப முடியாது என்று 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளை விஷயத்தில் அந்த நீதி இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும்.

நான்காவதாக, பொய் வழக்குகள் பெருகும், பிள்ளையைப் பார்க்கவே விடாமல் பணம் மட்டும் கேட்பார்கள் என்று ஆண்கள் அஞ்சுகிறார்கள். பொய்க்குத் தடுப்பு உண்டு. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரத்தில் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் விதி வகுத்தது. தகப்பன் யார் என்பதற்கு அறிவியலும் இருக்கிறது. பார்க்கும் உரிமை பற்றிய அச்சம் நியாயமானது. இந்துச் சட்டப்படி மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு இயல்பான பாதுகாவலர் முதலில் தாய், பிறகுதான் தகப்பன். தாய் பாதுகாவலராக விண்ணப்பிக்கும்போது தகப்பனுக்கு அறிவிப்புகூடக் கட்டாயமில்லை என்று 2015-இல் தீர்ப்பும் வந்தது. பணம் தந்து பொறுப்பேற்கும் தகப்பனுக்குப் பிள்ளையைச் சந்திக்கும் வழியை நீதிமன்றம் திறந்துவைக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிறுத்தக் கூடாது. தகப்பன் வராததால் பிள்ளையின் பசி குறையாது, பணம் வராததால் பிள்ளைக்குத் தகப்பன் இல்லாமல் போய்விட மாட்டார். வளர்ப்பவர் தகப்பனாக இருந்தால் தாயும் இதே கடமைக்கு உட்பட்டவர்தான்.

ஐந்தாவதாக, உத்தராகண்ட் காட்டும் வழி போதாதா என்ற கேள்வி. 2025 ஜனவரியில் அங்கு நடப்புக்கு வந்த பொது சிவில் சட்டம் சேர்ந்து வாழ்வோர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது, தவறினால் சிறைத் தண்டனையும் விதிக்கலாம் என்கிறது. அந்த உறவில் பிறக்கும் பிள்ளை முறையான பிள்ளையே என்றும், கைவிடப்பட்ட பெண் பராமரிப்பு கேட்கலாம் என்றும் அது சொல்வது வரவேற்கத் தக்கது. ஆனால் இந்த இரண்டு நன்மைகளுக்கும் காதலர்களின் பெயர்ப் பட்டியல் அரசிடம் இருக்க வேண்டிய தேவை இல்லை. சாதி மாறிச் சேர்ந்தவர்களைத் துரத்திப் பிடிக்கும் நாட்டில் அப்படி ஒரு பட்டியல் என்ன ஆபத்தைக் கொண்டுவரும் என்பது நமக்குத் தெரியும். பிள்ளை பிறந்ததே போதிய பதிவு.

உத்தரவிலிருந்து கைக்கு

சட்டம் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் பணம் வராவிட்டால் அது காகிதம்தான். பராமரிப்பு தராதவரை, ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். ஆனால் நிலுவையைக் கேட்டு ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். சிறைக்குப் போனவரின் பிள்ளைக்கு அதனால் சோறு வருவதில்லை. சம்பளக்காரரானால் நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின் கீழ், முதலாளியே சம்பளத்தில் பிடித்து நேராகக் கட்டும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பராமரிப்புத் தீர்ப்பு என்றால் மூன்றில் இரண்டு பங்கு சம்பளம் வரை பற்றுகை செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டமும் இடம் தருகிறது. இவை வழக்கறிஞர் வற்புறுத்தினால் மட்டும் கிடைக்கும் சலுகையாக இல்லாமல், உத்தரவோடு தானாகவே தொடங்கும் நடைமுறையாக வேண்டும்.

தொகையை நிர்ணயிப்பதிலும் நீதிபதிக்கு நீதிபதி மாறும் நிலையை மாற்றலாம். பிரிட்டனில் வாரம் 200 முதல் 800 பவுண்டு வரை சம்பாதிப்பவர் ஒரு பிள்ளைக்கு 12 சதவீதம், இரண்டுக்கு 16, மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் 19 என்று தர வேண்டும். பிள்ளை அவரோடு தங்கும் இரவுகளைப் பொறுத்து அது குறையும். நம் நாட்டில் கணக்கில் வராத வருமானம் அதிகம் என்பதால் அந்தச் சூத்திரத்தை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் சம்பளக்காரருக்கு ஒரு விகிதமும், மற்றவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை வைத்து ஓர் அடித்தளத் தொகையும் விதித்தால், முதல் வாய்தாவிலேயே இடைக்கால உத்தரவு வந்துவிடும். தகப்பன் கட்டாத மாதங்களில் ஜெர்மனியில் அரசே முன்பணம் கொடுத்துப் பின்னர் அவரிடம் வசூலிக்கிறது. 2017 முதல் பிள்ளைக்கு 18 வயது வரை அது கிடைக்கிறது. ஏழை மாநிலத்துக்கு இது ஆகுமா என்று கேட்கலாம். ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை போடும் தமிழ்நாட்டுக்கு, நீதிமன்ற உத்தரவு பெற்ற பிள்ளைகளுக்குச் சிறு தொகையை முன்பணமாகத் தந்து வருவாய் பாக்கி போல வசூலிப்பது முடியாத காரியமில்லை.

ஆக, செய்ய வேண்டியவை மூன்று. தகப்பன் யார் என்று நிரூபணமானால் அந்தப் பிள்ளைக்குத் தாய் வழிபோலவே தகப்பன் வழியிலும் வாரிசுரிமை உண்டு என்று வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்த வேண்டும். பிள்ளையை வளர்ப்பவர், உறவின் பெயரை நிரூபிக்காமலேயே, குறைந்தது பிள்ளை பள்ளி வயதை எட்டும்வரை மற்றவரிடம் ஆதரவு கேட்கும் உரிமையைப் பராமரிப்புச் சட்டத்தில் எழுத வேண்டும். உத்தரவான பணம் சம்பளப் பிடித்தமாகவோ அரசின் முன்பணமாகவோ மாதாமாதம் வர வழி செய்ய வேண்டும். அதுவரை, சேர்ந்து வாழும் பெற்றோர் தங்கள் கையில் உள்ளதைச் செய்துகொள்ளலாம். பிறப்புச் சான்றிதழில் இருவர் பெயரும், வீட்டுப் பத்திரத்தில் பணம் போட்ட இருவர் பெயரும், பிள்ளைக்கு ஓர் உயிலும் இருந்தால் பின்னாளில் பல வழக்குகள் இல்லாமல் போகும். வழக்கே வந்தால், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். அதற்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

பிரியும் உரிமை வயதுவந்த இருவருக்கும் இருக்கிறது, அதை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் பிரிவு முடித்துவைப்பது அந்த இருவருக்கு நடுவே உள்ள உறவை மட்டும்தான். பிள்ளைக்கும் பெற்றவர்களுக்கும் உள்ள உறவில் பிரிவு என்ற ஒன்றே கிடையாது என்பதைச் சட்டம் தன் முதல் வரியாக எழுதிக்கொண்டு, அங்கிருந்து மற்றக் கணக்கைத் தொடங்கட்டும்.